கேரம் போர்டில் பூத்த ஏழாம் இதழ்

ஒரு பூவுக்கு இதழ் ஒன்று குறைகிறது என்பதற்காக, எங்கேயோ இருக்கும் ஒரு குளிர் நாட்டுக் குழந்தைகளின் இரவு உடைகளை நான் கிட்டத்தட்ட நிறுத்திவிட்டேன். சொல்லிக்கொள்ளும்படியான சாதனை இல்லைதான். ஆனால் எங்கள் சொந்தக்காரர்கள் நான் இல்லாத இடங்களில் இதைச் சொல்லிச் சொல்லி, ஒவ்வொரு தடவையும் ஆளுக்குக் கொஞ்சம் சேர்த்துச் சொல்லி, இப்போது நான் துறைமுகத்தில் ஒரு கப்பலையே கவிழ்த்தவன் என்ற அளவுக்கு வந்து நிற்கிறது. கப்பல் எதுவும் கவிழவில்லை. நடந்ததை நானே எழுதிவிட்டால் என் மானத்துக்கு நல்லது. (மிச்சம் இருப்பதற்கு.)

திருப்பூரில் பனியன் தொழிலோடு சம்பந்தமே இல்லாமல் காலம் தள்ளும் சில பேரில் நானும் ஒருவன். ஒரு கல்லூரியில் நூலகர். என் மனைவி கவிதா ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் மெர்ச்சன்டைசர். வெளிநாட்டில் இருந்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் இங்கே இருக்கும் பட்டறைகளுக்கும் நடுவில் நின்றுகொண்டு, இரண்டு பக்கமும் திட்டு வாங்கும் உத்தியோகம் அது. பதினோரு வருஷம் யாரோ ஒரு சீனியருக்குக் கீழே நின்று திட்டு வாங்கினாள். அந்த வருஷம்தான் முதன்முதலாக, ‘இந்த ஆர்டர் முழுக்க உன் பொறுப்பு’ என்று குழந்தைகளின் இரவு உடை ஆர்டர் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். அதாவது இனிமேல் திட்டை நேரடியாகவே வாங்கலாம். வீட்டில் அன்று கேசரி செய்தாள்.

கதை இங்கே தொடங்கவில்லை. சேவூரில், என் சகலையின் புது வீட்டில் தொடங்கியது. என் மனைவியின் அக்கா வீட்டுக்காரர் அவர். நிட்டிங் யூனிட் வைத்திருக்கிறார். புது வீட்டின் ஹாலில் சுவர் முழுக்க ஒரு ஓவியம் மாட்டியிருந்தார். ஏழு வெள்ளைக் குதிரைகள் கடலில் இருந்து கிளம்பி, நேராக சோபாவில் உட்கார்ந்திருப்பவர் மேல் பாய்வது போல. நான் காபி டம்ளரோடு அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன். பிடித்துப்போய் நிற்கவில்லை. என்ன குறை சொல்லலாம் என்று தேடிக்கொண்டு நின்றேன்.

“நல்லா இருக்குதுங்களா சகலை?” என்றார்.

“இருக்குதுங்க. ஆனா இதெல்லாம் கடையில வாங்கறது. நாமளே பண்றதுதானுங்க கலை” என்றேன்.

அழகியலைப் பற்றி மூன்று புத்தகம் படித்தவன் வாயில் இருந்து இப்படித்தான் வரும். கவிதா திரும்பி என்னைப் பார்த்தாள். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் கேட்டாள்.

“அப்ப நம்மூட்டுச் சுவத்துக்கு நீங்களே ஒண்ணு பண்ணுங்களே. ரெண்டு வருசமா அங்க ஒரு ஆணியும் ஒரு பல்லியுந்தானுங்க இருக்குது.”

அவள் கிண்டலாகச் சொன்னாள். நான் ஆர்டராக எடுத்துக்கொண்டேன்.

போனில் ஒரு வீடியோ கிடைத்தது. ‘வீட்டில் இருக்கும் பொருட்களைக் கொண்டே விலையில்லாச் சுவர் அலங்காரம்.’ ஒரு பெண்மணி பழைய அட்டை, பொத்தான், பருப்பு, துணித் துண்டு இவற்றைக் கொண்டு பதினோரு நிமிஷத்தில் ஒரு சூரியகாந்தியை மலர வைத்தார். எங்கள் வீட்டில் அட்டை இல்லை, ஒரு கால் உடைந்த ஸ்டாண்டும் அதன் மேல் ஒரு கேரம் போர்டும் இருந்தன. போர்டின் பின்பக்கத்து பிளைவுட் பளிச்சென்று காலியாகக் கிடந்தது. பொத்தான்களுக்கு என் பழைய சட்டைகள். தண்டுக்கு விளக்குமாற்றில் இருந்து ஈர்க்குச்சிகள். நடுவில் ஒட்டச் சமையலறையில் இருந்து ஒரு கை துவரம் பருப்பு.

துணிக்கு இந்த ஊரில் பஞ்சமா? கட் பீஸ் மூட்டை இல்லாத வீடு திருப்பூரில் கிடையாது. வெட்டும் டேபிளில் மிஞ்சும் துண்டுகள், ரிஜெக்ட் ஆன சாம்பிள்கள் எல்லாம் எப்படியோ வீடு வந்து சேர்ந்துவிடும். அடுப்பைத் துடைக்க, வண்டியைத் துடைக்க, குழந்தையின் மூக்கைத் துடைக்க, மூக்குக் கண்ணாடியைத் துடைக்க எல்லாம் அதுதான். எங்கள் ஊர் ஆண்பிள்ளை எவனுடைய பாக்கெட்டில் கைவிட்டாலும் ஒரு கட் பீஸ் வரும். கைக்குட்டை விற்கிறவர் இங்கே கடை போட்டால் இரண்டாம் வாரம் மூடிவிடுவார்.

கவிதா கோயிலுக்குப் போயிருந்த ஒரு மாலை நேரத்தில் வேலையைத் தொடங்கினேன். மூட்டையைக் கொட்டி ஆறு இதழ் வெட்டினேன். சாம்பல், கருநீலம், பாட்டில் பச்சை, மறுபடி சாம்பல், கடுகு மஞ்சள், கொஞ்சம் வேறு மாதிரியான சாம்பல். ஒட்டி வைத்துத் தள்ளி நின்று பார்த்தேன். துக்க வீட்டுக்கு அனுப்பும் மலர் வளையம் போல இருந்தது. ஏழாவது இதழ் உயிரோடு இருந்தாக வேண்டும்.

கத்தரிக்கோலை வைத்த இடம் தெரியாமல் ஃப்ரிட்ஜின் மேல் தடவியபோதுதான் அந்தப் பழுப்புக் கவர் கையில் பட்டது. ஓரத்தில் ஒரு நிறம் எட்டிப் பார்த்தது. நன்றாகப் பழுத்த கொய்யாவைப் பிட்டால் உள்ளே தெரியுமே, அந்த நிறம். வெளியே எடுத்தேன். உள்ளங்கை அளவில் ஒரே ஒரு துண்டு. நான்கு பக்கமும் அரம்பப் பல் மாதிரி அழகாக வெட்டிய ஓரம். ஒரு மூலையில் மட்டும் யாரோ நீலப் பேனாவில் கிறுக்கிக் கெடுத்து வைத்திருந்தார்கள்.

‘பாவம், நல்ல துணி. கிறுக்கினதால ரிஜெக்ட் பண்ணிட்டாங்க போல’ என்று இரக்கப்பட்டேன். கிறுக்கலைத் தனியாக வெட்டி நீக்கிவிட்டு, மிச்சத்தை இதழாக்கி ஒட்டினேன். வீடியோவில் பசை ஒரு கோட் என்றார்கள். நான் மூன்று கோட் போட்டேன். பளபளப்புக்காக மேலேயும் ஒன்று. தெறித்த பசையை என் மூக்குக் கண்ணாடியில் இருந்து துடைத்துக்கொண்டு பார்த்தேன். ஒரே ஒரு இதழால் மொத்தப் பூவும் எழுந்து உட்கார்ந்துவிட்டது. அன்று நான் அடைந்த மன நிறைவு எனக்கு அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

மறுநாள் காலையில் அவள் குளித்துக்கொண்டிருக்கும்போது போர்டை ஆணியில் மாட்டினேன். (பல்லி மரியாதையாக விலகிப் போனது.) தலையில் துண்டோடு வெளியே வந்தவள் அதன் முன்னால் நின்றாள். கண் விரிந்தது. கலையின் முன்னால் மனிதர்கள் இப்படி நிற்பார்கள் என்று நான் படித்திருக்கிறேன்.

“ஏனுங்க.”

“சொல்லு, சொல்லு.”

“மேல இருக்கற அந்த இதழு… அந்தத் துணி ஏதுங்க?”

“அதுதான் இதுல விஷயமே. ஃப்ரிட்ஜ் மேல ஒரு கவர்ல வேஸ்ட் பீஸ் ஒண்ணு கிடந்துச்சு. யாரோ பேனாவுல கிறுக்கி வெச்சிருந்தாங்க. நாந்தான் அதை மட்டும் வெட்டிப் போட்டுட்டு…”

எங்கள் பக்கத்து மரியாதை வெளியூர்க்காரர்களுக்கு எளிதில் புரியாது. இங்கே கோபம் வந்தால் ‘ங்க’ போகாது. கோபம் ஏற ஏற அதுவும் கூடவே ஏறும்.

“அது கிறுக்கல் இல்லீங்க. பையரு கையெழுத்துங்க. ஷேட் அப்ரூவல்ங்க. நாலு தடவ ரிஜெக்ட் பண்ணி அஞ்சாவது தடவ ஓகே ஆனதுங்க. அதைய வெச்சுத்தானுங்க இன்னைக்கு லாட் முழுக்கப் பாக்கோணுங்க.”

ஆறு ‘ங்க’. நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

விஷயம் இதுதான். இன்ன நிறத்தில் துணி வேண்டும் என்று பையர் கேட்பார். சாயப்பட்டறையில் சிறு துண்டுகளாகச் சாயம் போட்டு அனுப்புவார்கள். பிடித்ததில் அவர் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்புவார். அதற்குப் பிறகு அந்தத் துண்டுதான் வேதம். பட்டறையில் சாயம் ஏறும் மொத்தத் துணியையும் (அதுதான் லாட்) அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். பட்டறைக்கென்று அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த இன்னொரு துண்டு கைபட்டுக் கைபட்டு மங்கிவிட்டதால், கம்பெனியில் இருந்த துண்டை இவள் வீட்டுக்கு எடுத்து வந்திருந்தாள், காலையில் நேராகப் பட்டறைக்குப் போவதற்காக. சாயங்காலத்துக்குள் துணி கட்டிங்குக்குப் போயாக வேண்டும். விட்டால் டேபிளை வேறு ஆர்டருக்குக் கொடுத்துவிடுவார்கள்.

“பையர்கிட்ட இன்னொண்ணு கேட்டுக்கலாமே” என்றேன்.

“கேட்டா வர்றதுக்குப் பத்து நாளாகுமுங்க. காரணம் என்னன்னு எழுதறதுங்க? என்ற ஊட்டுக்காரரு பூ பண்ணீட்டாருன்னுங்களா?”

குப்பைக் கூடையைக் கவிழ்த்தேன். காலி. குப்பை வண்டியின் பாட்டு எங்கோ நாலு தெரு தள்ளிக் கேட்டது. அரைமணி நேரத்துக்கு முன்னால் நான்தான் ஓடிப்போய்க் கூடையைக் கொட்டியிருந்தேன். ஆச்சரியப்படுத்தப் போகும் நாளில் வீடு சுத்தமாக இருக்க வேண்டாமா? சரி, இதழையாவது உரித்து எடுப்போம் என்று கத்தியை விட்டு நெம்பினேன். பிளைவுட்தான் உரிந்து வந்தது. இதழ் அசையவில்லை. என் வாழ்க்கையில் நான் செய்த வேலைகளில் உறுதியாக நின்றது அது ஒன்றுதான்.

“போர்டக் கழட்டுங்க” என்றாள். “அப்படியே கொண்டுட்டுப் போலாமுங்க.”

பட்டறை முதலிபாளையம் தாண்டி இருந்தது. ஆட்டோவில் போர்டை மடியில் நிறுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எனக்கு ரோடு தெரியவில்லை, ரோட்டுக்கு நான் தெரியவில்லை. பள்ளத்தில் ஏறி இறங்கும்போதெல்லாம் நாலைந்து துவரம் பருப்பு உதிர்ந்தது.

“கேரம் போட்டிக்குங்களா சார்?” என்றார் ஆட்டோக்காரர்.

“இல்லீங்க.”

“பின்னால ஏதோ கலர் கலரா இருக்குதுங்களே. ஷேட் கார்டுங்களா? எந்த பையருக்குங்க?”

இந்த ஊரில் பிறந்த குற்றத்துக்கு ஒரு பூ இதையும் அனுபவிக்க வேண்டியிருக்கிறது. கவிதா வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பட்டறை கேட்டில் செக்யூரிட்டி நோட்டைத் திறந்தார். உள்ளே போகும் பொருள் எல்லாவற்றையும் எழுத வேண்டுமாம்.

“கேரம் போர்டு ஒண்ணு” என்று சொல்லிக்கொண்டே எழுதியவர் தலைநிமிர்ந்தார். “திருப்பிக் கொண்டுட்டுப் போறதுங்களா, இங்கயே விட்டுட்டுப் போறதுங்களா?”

“திருப்பிக் கொண்டு போறது” என்றேன் நான்.

“இங்கயே விட்டுட்டுப் போறதுங்க” என்றாள் கவிதா.

உள்ளே ஒரே நீராவி. சாயத் தொட்டிகளின் பக்கத்தில் நின்ற வடநாட்டுப் பையன்கள் இரண்டு பேர் வேலையை விட்டுவிட்டு என்னோடு கூடவே நடந்தார்கள். ஒருவன் இன்னொருவனிடம் ஏதோ கேட்டான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில், ‘இது ஃபேனா?’ என்று கேட்ட மாதிரி இருந்தது.

டையிங் மாஸ்டர் மரியதாஸ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இருபது வருஷமாகக் கண்ணாலேயே நிறம் பார்ப்பவர், கண்டிப்பானவர் என்று கவிதா சொல்லியிருக்கிறாள். போர்டை மேலிருந்து கீழே பார்த்தார்.

“சார், இது என்னது?”

“பூங்க.”

அவர் அதற்கு மேல் என்னோடு பேசிப் பிரயோஜனமில்லை என்று முடிவு செய்து கவிதாவிடம் திரும்பினார். “மேடம், சாம்பிள் எங்க?”

“இதுதாங்கண்ணா.”

“எது?”

“மேல இருக்கற இதழுங்கண்ணா. இவரு ஒட்டீட்டாருங்க.”

மரியதாஸ் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

நிறம் பார்ப்பதற்கென்று ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கு, கடை வெளிச்சத்துக்கு ஒன்று, வீட்டு மஞ்சள் வெளிச்சத்துக்கு ஒன்று. மூன்றிலும் துண்டும் துணியும் ஒரே மாதிரி தெரிய வேண்டும். பெட்டியின் வாய், மைக்ரோவேவ் அடுப்பைவிடக் கொஞ்சம் பெரிது. கேரம் போர்டு கேரம் போர்டின் அளவில் இருந்தது. நேராக வைத்தோம், சாய்த்து வைத்தோம், மூலையை முதலில் நுழைத்துப் பார்த்தோம். போர்டின் மூலை ஓட்டை வழியாக ஒரு பையன் மறுபக்கம் எட்டிப் பார்த்தான்.

“எல, அந்த ரம்பத்தைக் கொண்டா” என்றார் மாஸ்டர்.

“வேற வழியே இல்லீங்களா?” என்று கேட்டேன். மனதார ஒத்துக்கொள்கிறேன். அந்த நிமிஷத்திலும் எனக்குப் பூவைப் பற்றித்தான் கவலை. கவிதா என்னைப் பார்த்த பார்வையில் அந்தக் கவலை அப்போதே தீர்ந்தது.

அறுப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, சாயம் போட்ட துணியில் இருந்து ஒரு துண்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து இதழின் பக்கத்தில் பிடித்தார். துணி கொய்யா நிறம். என் இதழ் நாலு நாள் ஆன கொய்யா நிறம்.

“இதுக்குப் பக்கத்துல லாட்டு வெளிறித் தெரியுது, உங்க பூ கறுத்துக் கெடக்கு” என்றார். பிறகு நகத்தால் இதழைச் சுரண்டினார். “பசை குடிச்சிருக்கு. எத்தனை கோட்டு போட்டிய?”

“மூணு.”

“மூணா?”

“மேல ஒண்ணு. பளபளப்புக்கு.”

அவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டார். “அறுத்தும் பிரயோஜனமில்ல மேடம். இதோட மேட்ச் பண்ணுனா தப்பான கலருக்குத்தான் மேட்ச் ஆகும். சைன் இருந்த துண்டாவது இருக்கா?”

“குப்பை வண்டியில போயிருச்சுங்கண்ணா.”

“அப்போ நான் என்ன செய்ய? என் கண்ணுக்கு லாட்டு சரியாத்தான் தெரியுது. ஆனா சைன் இல்லாம துணிய வெளிய விட்டேன்னா, நாளைக்கு உங்களுக்கும் வேலை இல்ல, எனக்கும் வேலை இல்ல.”

கவிதா துணி தள்ளும் டிராலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். என்னைத் திட்டவில்லை. போனைக் கையில் எடுத்து, கம்பெனி நம்பரைப் பார்த்துக்கொண்டே மெல்லச் சொன்னாள்.

“விடு. நான் பேசிக்கறேன்.”

‘விடு’ என்றாள். எங்களுக்குக் கல்யாணமாகி அன்றுவரை அவள் வாயில் இருந்து ‘ங்க’ இல்லாத ஒரு சொல் எனக்கு வந்ததில்லை. பதினோரு வருஷம் கழித்து வந்த ஆர்டர். அதை வாங்கிய அன்று கிண்டிய கேசரியின் நெய் வாசனை எனக்கு ஞாபகம் வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தேன். எதுவும் தெரியவில்லை. நிஜமாகவே எதுவும் தெரியவில்லை. நீராவியில் கண்ணாடி முழுக்க வெள்ளையாக மூடிவிட்டது. கழற்றினேன். பேன்ட் பாக்கெட்டில் இருந்ததை எடுத்து ஒரு பக்கக் கண்ணாடியைத் துடைத்தேன். ஊதி மறுபக்கத்தையும் துடைக்கப் போனேன்.

“சார்” என்றார் மரியதாஸ். குரல் ஒரு மாதிரி இருந்தது. “கைய அப்படியே வைங்க. அசையாதீங்க.”

பாம்பு ஏதாவது மேலே ஏறுகிறதா என்று பயந்துபோய் நின்றேன். அவர் கிட்டே வந்து, பிறந்த குழந்தையை வாங்குவது போல இரண்டு கையாலும் என் விரல்களில் இருந்து அந்தத் துணியை வாங்கினார். இரண்டு விரல் அகலம். கொய்யா நிறம். ஓரத்தில் அரம்பப் பல். நடுவில் நீலக் கிறுக்கல்.

முந்தின நாள் மாலை கண்ணாடியில் பசை தெறித்தபோது கைக்கு அகப்பட்டதை எடுத்துத் துடைத்திருக்கிறேன். துடைத்ததைப் பாக்கெட்டில் போட்டிருக்கிறேன். மறுநாளும் அதே பேன்டை மாட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். எங்கள் ஊர்க்காரன் கைக்கு இதையெல்லாம் மூளை சொல்ல வேண்டியதில்லை. (ஒரே பேன்டை இரண்டு நாள் போடுவதைப் பற்றிக் கவிதா பல வருஷமாகச் சொல்லி வந்த கருத்தை அன்றிலிருந்து சொல்வதில்லை.)

“கையெழுத்துல வால் மட்டும் கொஞ்சம் இதழோட போயிருக்கு” என்று மாஸ்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். “பசையும் ஒரு ஓரத்துலதான். பரவால்ல. தலை இருக்கு.”

பெட்டிக்குள் வைத்தார். பகல் விளக்கு. துண்டும் துணியும் பக்கத்தில் பக்கத்தில். எங்கே ஒன்று முடிந்து மற்றது தொடங்குகிறது என்று தெரியவில்லை. கடை விளக்கு. தெரியவில்லை. மஞ்சள் விளக்கு போடுவதற்குள் கவிதா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நகம் பதிந்த தடம் ஒரு வாரம் இருந்தது.

“பாஸ்” என்றார் மரியதாஸ்.

கவிதா சிரிக்க ஆரம்பித்தாள். மெல்லத்தான் தொடங்கியது. அப்புறம் டிராலியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர வரச் சிரித்தாள். மாஸ்டர் சிரித்தார். என்ன என்றே தெரியாமல் அந்த இரண்டு பையன்களும் சிரித்தார்கள். நானும் அவள் பக்கத்தில் டிராலியில் உட்கார்ந்தேன். அந்தச் சூடும் சாயவாடையும் மலைவாசஸ்தலத்துக் காற்று மாதிரி இருந்தது.

“ஏனுங்க” என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. “இனிமே கண்ணாடி தொடைக்கறப்ப பாத்துத் தொடைங்க.”

‘ங்க’ திரும்பி வந்துவிட்டது. நான் வாழ்க்கையில் கேட்ட இனிமையான இரண்டு எழுத்து அதுதான்.

துணி அன்று சாயங்காலமே கட்டிங்குக்குப் போனது. ஆர்டர் நாள் தவறாமல் கிளம்பியது. அவளுக்கு அடுத்த ஆர்டரும் வந்தது. இப்போதெல்லாம் அப்ரூவல் துண்டு வீட்டுக்கு வந்தால் பீரோ லாக்கரில், நகைப் பெட்டிக்கு மேலே படுத்துத் தூங்குகிறது. சாவி இருக்கும் இடம் எனக்குச் சொல்லப்படவில்லை. கல்யாண வீட்டில், சாவு வீட்டில், எங்கே நான் கண்ணாடியைக் கழற்றினாலும் சொந்தத்தில் யாராவது ஒருவர், “கையெழுத்து இருக்குதான்னு பாத்துக்கங்க” என்பார்கள்.

போர்டைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டேன். செக்யூரிட்டி எழுதியதை அடித்துத் திருத்தினார். பருப்பு பாதி போனாலும், ஓரத்தில் பிளைவுட் உரிந்திருந்தாலும், ஆணியில் அதுதான் தொங்குகிறது. பல்லி அதன் பின்னால் குடும்பம் நடத்துகிறது.

போன மாதம் சகலை வீட்டுக்கு வந்தார். கதை அவருக்கு ஏற்கெனவே தெரியும். கப்பல் கவிழ்ந்த பதிப்பு. காபி டம்ளரோடு போர்டின் முன்னால் போய் நின்றார். அவருடைய குதிரைகளின் முன்னால் நான் எவ்வளவு நேரம் நின்றேனோ அவ்வளவு நேரம் நின்றார். ஒவ்வொரு இதழாக இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். கழுத்தைச் சாய்த்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். நான் தீர்ப்புக்காகப் பக்கத்திலேயே நின்றேன்.

காபியை உறிஞ்சிக்கொண்டே திரும்பினார்.

“அந்த மேல இருக்கறது ஒண்ணுதானுங்க சகலை பாஸு” என்றார். “மத்த ஆறும் ரிஜெக்ட் பண்ணிருக்கோணும்.”